எங்கள் வரப்பில் தேச எல்லை

மார்கழி பிறந்த நாலாம் நாள் தேசத்தின் எல்லை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. முறைப்படி கார்த்திகையிலேயே வந்திருக்க வேண்டும். போன ஊரில் மழை விடவில்லை, எல்லை நனைந்து கிடந்தது, காயவைத்துச் சுருட்டத் தாமதமாகிவிட்டது என்று ஓவர்சியர் அருள்தாஸ் சொன்னார். நாங்கள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆவிடைநல்லூருக்கு வர வேண்டியது எதுதான் நாள் தவறாமல் வந்திருக்கிறது?

எல்லையோரத்தில் இருக்கிற கிராமங்களுக்கு மட்டும் நல்ல ரோடு, நல்ல ஆஸ்பத்திரி, டவர் எல்லாம் கிடைக்கிறது. நாட்டின் நடுவில் பிறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். அதனால் எல்லையை ஊருக்குத் தொண்ணூறு நாள் என்று சுற்றுக்கு விட்டார்கள். எங்களுக்கு ஒதுக்கீடு நானூற்று நாற்பது மீட்டர். இரண்டு லாரியில் வந்தது. முதல் லாரியில் எல்லை. இரண்டாவதில் எல்லையைச் சேர்ந்த சாமான்கள்: கொடிக்கம்பம் எட்டு, பாய் மாதிரி சுருட்டிய தார் ரோடு முந்நூறு மீட்டர், கழற்றி அடுக்கிய ஆஸ்பத்திரி ஒன்று, ஸ்கேன் மெஷின் ஒன்று, டாக்டர் ஒருவர். டாக்டரம்மா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் தன் பெயருக்கு நேரே டிக் விழுந்த பிறகுதான் இறங்கினார்.

எல்லையை எங்கே விரிப்பது என்பதில் சிக்கல் வரவில்லை. தாளோடு இருக்கிற கோட்டின் மேல்தான் விரிக்க வேண்டும் என்பது விதி. ஊரில் சர்வேயர் அளந்து, கல் நட்டு, நாலு பக்கமும் கையெழுத்தும் சீலுமாக இருந்த நிலம் ஒன்றே ஒன்று. அது என் பெரியப்பா மகன் தெட்சிணாமூர்த்தி அண்ணனுடைய மூன்று ஏக்கர். அவர் நாலு பக்கத்துக்காரர்களோடும் வரப்புத் தகராறு நடத்தி முடித்தவர். கிழக்குப் பக்கத்துக்காரன் நான். வரப்பை நாலு விரல் அவர் பக்கம் தள்ளி நான் அரக்கிவிட்டதாகப் பதினோரு வருடத்துக்கு முன் பிராது கொடுத்தார். அரக்கியது உண்மை. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எல்லை அவர் நிலத்தைச் சரியாக ஒரு சுற்று சுற்றி முடிந்தது. உள்ளே இருந்தது அயல்நாடு. எந்த நாடு என்று தாளில் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. மனைவி இறந்த பிறகு அண்ணன் வயலில் இருந்த மோட்டார் கொட்டகையிலேயே தங்கியிருந்ததால் அந்த நாட்டின் மக்கள்தொகை ஒன்று. அவர் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். இப்போது இருவருமே வெளிநாட்டில் என்று ஊரில் சொன்னார்கள்.

எல்லையைக் காக்கும் வேலையை நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். முப்பத்தெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு மண்வெட்டி. என் மனைவி ராசகுமாரியும் அதில் ஒருத்தி. காலையில் எட்டு மணிக்கு வந்து வரிசையாக நின்று போட்டோ பிடித்துக்கொள்வார்கள். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லையைப் பார்ப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு போட்டோ. அதோடு அன்றைய பாதுகாப்பு முடிந்தது.

"ரெண்டு மணிக்கு மேல சண்டை வந்தா என்னடி செய்யிறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போட்டோ புடிச்ச பொறவு வர்ற சண்டைக்கு நாம பொறுப்பில்லடி. காலையில வரச் சொல்லு" என்றாள் அஞ்சலை. அவள்தான் வரிசையில் முதல் ஆள்.

தெட்சிணாமூர்த்தி அண்ணனுக்கு நாடாக இருப்பது பிடித்துவிட்டது. காலை ஆறு மணிக்குத் தன் கட்டம் போட்ட துண்டைக் கம்பத்தில் ஏற்றுவார். பொழுது சாய்ந்ததும் இறக்கித் தோளில் போட்டுக்கொள்வார். பொங்கலன்று முறைப்படி இனிப்புப் பரிமாற்றம் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அஞ்சலை ஒரு பெட்டி லட்டு கொண்டு போனாள். அந்த நாட்டில் இனிப்பு செய்ய ஆள் இல்லாததால், நாங்கள் கொடுத்ததிலிருந்தே பாதியை எடுத்து எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு தரப்பும் நன்றி சொல்லிக்கொண்டன.

நாட்கள் நன்றாகத்தான் போயின. டாக்டரம்மா தினமும் இருந்தார். ஒரு வியாதிக்காரர் தினமும் இருக்கலாம், ஆனால் ஒரு டாக்டர் தினமும் இருப்பதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. சும்மா இருந்தவர்கள்கூடப் போய் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வந்தார்கள்.

என் மகள் வினோதினி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாசி நடுவில் டாக்டரம்மா அவளுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"குழந்தை குறுக்கே இருக்கு. திரும்பினா நல்லது. திரும்பலைன்னா ஆபரேஷன். பங்குனி பதினாலு பக்கம் ஆகும்."

"நீங்க இருப்பீங்களா டாக்டரம்மா?"

அவர் சுவரில் மாட்டியிருந்த சாமான் பட்டியலைப் பார்த்தார். "எல்லை பங்குனி நாலு வரைக்கும்தான். அது போனா நானும் போகணும். நான் அதோட அஞ்சாவது அயிட்டம்."

எங்களுக்கு அடுத்த முறை சேந்தன்குடிக்காடு. நாற்பது கிலோமீட்டர். அதை விட்டால் இருபத்து மூன்று கிலோமீட்டரில் ஒரு ஆஸ்பத்திரி உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு முன் ராசகுமாரியை அங்கேதான் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கள் முதல் குழந்தை பாதி வழியில் வேனிலேயே பிறந்தது. அதற்குப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை.

நான் ஓவர்சியரைப் போய்ப் பார்த்தேன். அவர் எல்லையின் ஒரு மூலையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு பத்து நாள் தள்ளிப் போட முடியாதா?"

"மழை பெஞ்சா தள்ளலாம். பங்குனியில எங்கய்யா மழை?" என்றார். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "தகராறுல இருக்கற எல்லையை நகர்த்தக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா பிராது எதிர்ப்பக்கத்திலேருந்து வரணும். நம்ம பக்கத்திலேருந்து கொடுத்தா அதை ஆசைன்னு எடுத்துக்குவாங்க, தகராறுன்னு எடுத்துக்க மாட்டாங்க."

வீட்டில் வந்து சொன்னேன். ராசகுமாரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இதுக்கு ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க? பிராது கொடுக்கறதுக்கு ஒங்க அண்ணனைவிட ஆளு உண்டா? நாலு வெரலு அரக்குனா ஓடி வரப்போறாரு."

வரப்பு அரக்குவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை இல்லை. நம் பக்கத்தில் நாலு விரல் செதுக்கி, செதுக்கிய மண்ணை எதிர்ப்பக்கம் வைத்து அணைத்துவிட்டால் போதும். வரப்பு பார்க்க அப்படியே இருக்கும். நாலு விரல் மட்டும் நடந்திருக்கும். மறுநாள் காலை போட்டோ முடிந்ததும் முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்று சேலையைச் செருகினார்கள். ஒன்பது மணிக்குள் தேசம் நாலு பக்கமும் நாலு விரல் பெரிதாகிவிட்டது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

அடுத்த நாள் ஒரு சாண். அதற்கடுத்த நாள் ஒரு முழம். உளுந்துச் செடிகள் காயோடு சாய்ந்தன. அண்ணன் தன் துண்டை ஏற்றினார், இறக்கினார்.

"என்னாடி இது, மனுசன் செத்துகித்துப் போயிட்டாரா?" என்றாள் அஞ்சலை. பிறகு எல்லைக்கு அப்பால் கையை வாயருகே குவித்து, "பெரியவரே! ஒங்க நாட்டை வெட்டிக்கிட்டு இருக்கோம்! பாக்கறீங்களா?" என்று கூவினாள்.

"பாக்கறேன், பாக்கறேன். கால்ல வெட்டிக்காதீங்கம்மா" என்று பதில் வந்தது.

நான்காம் நாள் ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளம், வெட்டினார்கள். ஐந்தாம் நாளிலிருந்து அளக்கவில்லை. கை பழகிவிட்டால் அப்படித்தான், நிறுத்து என்று சொல்ல யாருக்கும் நினைவு வராது. நாடு சுருங்கச் சுருங்க எல்லை மிச்சமாகிக்கொண்டு வந்தது. அதைச் சுருட்டி வேப்பமரத்தடியில் வைத்தோம். உட்கார வசதியாக இருந்தது. நூறு நாள் வேலையில் இத்தனை வேலை நடந்து யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் ஓவர்சியர் வந்தார். எல்லையைச் சுற்றி நடந்து பார்த்தார். இருபத்தாறு எட்டில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார். உள்ளே மோட்டார் கொட்டகை, கட்டில், கொடிக்கம்பம், நாலு வரிசை உளுந்து, அண்ணன்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார். அவர் குரல் உயரவில்லை. "இன்னும் ரெண்டு நாள் வெட்டுனா எதிர்ப்பக்கம்னு ஒண்ணு இருக்காது. எதிர்ப்பக்கம் இல்லைன்னா எல்லையே காலாவதி. இப்பவே இது நாட்டுக்கு உண்டான அளவுக்குக் கீழ போயிடுச்சு. நான் எழுதித்தான் ஆகணும். நாளைக்குக் காலையில லாரி வந்துடும்."

அன்று மாசி இருபத்தொன்பது. பங்குனி நாலே போதாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது அந்த நாலு நாளும் போயிற்று. ராசகுமாரி மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க போய்ப் பேசுங்க."

"நானா?"

"பின்ன நானா? அரக்குனது யாரு மொதல்ல?"

இரண்டு மணி போட்டோ முடிந்து பெண்கள் கலைந்த பிறகு போனேன். இரு நாட்டுப் பேச்சுவார்த்தைக்கு வெள்ளைக்கொடி வேண்டும் என்பார்கள். என் தோளில் கிடந்த துண்டு வெள்ளைதான், கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. அதை ஆட்டினேன். அண்ணன் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்தார். நான் எல்லைக்கு வெளியே குந்தினேன். இருவருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கும்.

"உளுந்தெல்லாம் போச்சேண்ணே" என்றேன். பதினோரு வருடம் கழித்து எனக்கு வாயில் வந்தது அதுதான்.

"போவட்டும்."

"நீங்க பிராது கொடுக்கவே இல்லையே."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனி ஆளா இருந்தப்ப நாலு வெரலுக்குத் தாலுக்கா ஆபீசு வரைக்கும் நடந்தேன்டா. இப்ப அப்படி முடியுமா? நாடுன்னு ஆனப்பறம் ஒரு நெதானம் வேணும். பொசுக்குன்னு கோவப்பட்டா நாலு பேரு என்ன நெனப்பான்?"

"எங்களுக்கு நீங்க கோவப்பட்டாத்தாண்ணே ஆகணும்."

"எதுக்கு?"

சொன்னேன். குழந்தை குறுக்கே கிடப்பதை, பங்குனி பதினாலை, டாக்டரம்மா ஐந்தாவது அயிட்டமாக இருப்பதை, நாளைக் காலை லாரியை. முடித்ததும் அண்ணன் துண்டுக்கொடியைப் பார்த்தார்.

"அன்னைக்கு வேன்ல டிரைவர் பக்கத்துல ஒக்காந்திருந்தது நான்தானேடா" என்றார். "திரும்பிப் பாக்காதீங்கன்னு சொன்னே. நான் திரும்பிப் பாக்கலை."

"ஆமாண்ணே."

"பக்கிரி."

"அண்ணே."

"இத மொத நாளே வாயத் தொறந்து சொல்லியிருந்தா மொத நாளே பிராது எழுதிக் குடுத்திருப்பனேடா. எதுக்குடா என் உளுந்தையெல்லாம் வெட்டுனீங்க?"

அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பேசாத பங்காளிகளுக்கு நடுவே எதையாவது சொல்ல வேண்டும் என்றால் வரப்பில்தான் சொல்வது. எங்கள் ஊரில் வேறு வழி வைத்துக்கொண்டதில்லை.

அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். பழைய பிராதுகளின் நகல்கள் எல்லாம் தேதி வாரியாக இருந்தன. "புதுசா எழுத வேணாம். எம் பேரு இருக்கற எடத்துல என் நாடுன்னும், ஒம் பேரு இருக்கற எடத்துல ஒன் நாடுன்னும் மாத்துனா போதும்" என்று பேனாவை உதறினார். எழுதும்போது அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது.

மறுநாள் காலை லாரி வந்து பின்பக்கக் கதவைத் திறந்து நின்றபோது, அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பத்தொன்பது பக்கங்களை நீட்டினார். ஓவர்சியர் நின்றபடியே படித்தார். வெட்டிய நிலம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அது தவிர என் அரை ஏக்கர், ஏரி, பஞ்சாயத்து ஆபீஸ், புதிதாக விரித்த தார் ரோடு, ஆஸ்பத்திரி ஆகியவை தொன்றுதொட்டுத் தன் நாட்டைச் சேர்ந்தவை. 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பது பதினான்கு இடத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், டாக்டரம்மாவின் நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, அதை உடனே சரி செய்யாவிட்டால் விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு என்றும் எழுதியிருந்தார்.

ஓவர்சியர் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். "நல்ல தகராறு" என்றார். "இப்படி ஒண்ணு நான் சர்வீஸ்ல பாத்ததில்லை. இது எறங்கறதுக்கு வருசமாகும்." லாரி டிரைவர் டீ குடித்துவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

நிலத்தைத் திருப்பி வைக்கும் வேலை அஞ்சலைக்குப் பிடிக்கவில்லை. "வெட்டும்போது இருந்த சொகம் அணைக்கும்போது இல்லைடி" என்றாள். ஆனாலும் எட்டு நாளில் எல்லையை அவிழ்த்து விரித்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலு விரல் மட்டும் குறைந்தது. அது பதினோரு வருடத்து நாலு விரலா, இந்த வருடத்து நாலு விரலா என்று தெரியாததால் அப்படியே விட்டுவிட்டோம்.

அதற்குள் சேந்தன்குடிக்காட்டிலிருந்து ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். பெயர் மாசிலாமணி. அவர்கள் ஊரில் எல்லைக்காகத் தோரணம் கட்டியாகிவிட்டதாம். நாங்கள் அவருக்கு மோர் கொடுத்தோம்.

"தகராறு எப்பங்க முடியும்?"

"அண்ணன் நேத்துதான் ரெண்டாவது பிராது அனுப்பிச்சாரு" என்றேன்.

அவர் மோரைக் குடித்து முடித்துச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. எம் மருமவளுக்குப் பங்குனி இருபத்தெட்டுன்னு நாள் குறிச்சிருக்கு. எரட்டைன்னு சொல்றாங்க. எல்லையோட டாக்டரு வருதுன்னுதான் தாய் வூட்டுக்குக்கூட அனுப்பாம வச்சிருந்தோம்."

ராசகுமாரி உள்ளேயிருந்து வந்து செம்பை வாங்கிக்கொண்டாள். அவர் வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

குழந்தை திரும்பவில்லை. பங்குனி பதினாறாம் தேதி காலையில் ஆபரேஷன் நடந்தது. பெண். இரண்டே முக்கால் கிலோ. அழுத சத்தம் வெளியே கேட்டதும் ராசகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் டாக்டரம்மா 'தகராறில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்காலி ஆடவில்லை, புதுசு.

ஆறாம் நாள் வினோதினி குழந்தையை எல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினாள். அவர் இந்தப் பக்கம் வர முடியாது, நாங்கள் அந்தப் பக்கம் போக முடியாது. எல்லைக்கு மேலே வைத்துக் கையில் வாங்கிக்கொண்டார். "ஒத்தை ஆளை வச்சுக்கிட்டு ஒரு நாட்டை எத்தனை நாள் நடத்துறது?" என்று சொல்லி, துண்டுக்கொடியை இறக்கி அதில் குழந்தையைச் சுற்றி, அங்கேயே குடியுரிமை கொடுத்துவிட்டார். மக்கள்தொகை இரண்டாகிவிட்டது. அன்று கம்பம் காலியாகவே நின்றது.

பங்குனி இருபத்தாறாம் தேதி, காலை எட்டு மணி போட்டோவுக்கு எல்லாரும் வரிசையில் நின்றபோது, வடக்கே ரோடு அடைத்துக்கொண்டு லாரிகள் வருவது தெரிந்தது. பதினேழு லாரி. முன்னால் ஓவர்சியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார்.

"எல்லை ஊருக்குப் போக முடியலைன்னா ஊரு எல்லைக்கு வரலாம். விதியிலேயே இருக்கு. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாக்காம விட்டுட்டேன்" என்றார் ஓவர்சியர்.

ஏரிக்கு மேற்கே தரிசில் இடம் காட்டினோம். சேந்தன்குடிக்காட்டைப் பத்து மணிக்குள் இறக்கிவிட்டார்கள். முதலில் மாரியம்மன் கோயில், பிறகு பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தெரு ஐந்து, கட்டிய தோரணம். அந்த ஊர்க்காரர்கள் அவரவர் வாசலில் ஒன்றும் உடையாமல் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை போய், சாப்பிட்டாச்சா என்று வீட்டுக்கு வீடு கேட்டுவிட்டு வந்தாள்.

அவர்கள் கிளம்பும்போது ஊரில் தூறல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் ஏற்றியிருந்தார்கள். எங்கள் பக்கம் நல்ல வெயில். சேந்தன்குடிக்காட்டின் மேல் மட்டும் அது சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. மூன்றாவது தெருவில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

ராசகுமாரி மண்வெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போனாள்.